அது மருந்தல்ல, குளிர்

மயக்கிய சுண்டெலிக்கு இசிஜி (இதயத்தின் மின்துடிப்புப் பதிவு) எடுத்துக்கொண்டிருந்த ஆய்வு மாணவர் ஒருவர் மடிக்கணினியும் கையுமாக வந்து நின்றார். "டாக்டர், மருந்து வேலை செய்யுது. துடிப்பு 430-லிருந்து 310-க்கு இறங்கிடுச்சு, க்யூடி-யும் நீண்டிருக்கு." க்யூடி என்பது இதயத்தின் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் ஓய்வுக்குத் திரும்ப ஆகும் நேரம். ஆய்வு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு, இப்படி ஒரு நல்ல சேதி வந்தால் கண் திரைக்குப் போகாது, கை சுண்டெலியின் வயிற்றுக்குத்தான் போகும். தொட்டேன், சில்லென்றிருந்தது. அடியில் இருந்த ஹீட்டிங் பேடின் வயர் பாதி கழன்று கிடந்தது. மலக்குடலில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 33 டிகிரி. பேடைச் சரிசெய்து 37-க்குக் கொண்டுவந்ததும் துடிப்பு பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. மாணவரின் முகம்தான் இறங்கிப்போனது.

சுண்டெலி இருபது முப்பது கிராம்தான் இருக்கும். எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு மிக அதிகம். மயக்கத்தில் அதால் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் முடியாது. இதயச் செல்களில் மின்னூட்டத் துகள்களை உள்ளேயும் வெளியேயும் விடும் அயனி வாயில்களோ சூட்டுக்குத் தகுந்த வேகத்தில்தான் திறந்து மூடும். உடல் குளிர்ந்தால் துடிப்பு குறையும், பிஆர் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக ஆகும் நேரம்) முதல் க்யூடி வரை எல்லா இடைவெளிகளும் நீளும். பார்ப்பதற்கு ஒரு மருந்தின் விளைவு மாதிரியே இருக்கும்.

மயக்க மருந்தும் தன் பங்குக்குக் கைவரிசையைக் காட்டும். விழித்திருக்கும் சுண்டெலிக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 துடிப்பு. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவை ஒன்றரை சதவீதத்தில் வைத்தால் பெரும்பாலும் 400-க்கு மேல் நிற்கும். ஊசியில் கீட்டமினோடு சைலசின் சேர்த்துப் போட்டால் 300-க்குக் கீழேயும் போகும், காரணம் சைலசின். ஆகவே ஒரு குழுவுக்கு ஊசி, இன்னொரு குழுவுக்கு வாயு என்று மயக்கிவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது வெறும் வீண்வேலை. மயக்கிய எத்தனையாவது நிமிடத்தில் பதிவு செய்தோம் என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மயக்காமலே எடுக்கக் கூடாதா என்று கேட்பார்கள். பிரிட்டிஷ் உடலியல் ஆய்வாளர் அகஸ்டஸ் வாலர் தன் புல்டாக் நாய் ஜிம்மியை உப்புநீரில் பாதம் வைத்து நிற்கவைத்தே பதிவு செய்தார். 1909-ல் அதைப் பொதுவில் செய்து காட்டியதும், வதை என்று சொல்லி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது! சுண்டெலி அப்படி நின்று கொடுக்காது. பதிவை வயர் இல்லாமல் அனுப்பும் டெலிமெட்ரிக் கருவியை உடலுக்குள் பொருத்தலாம், ஆனால் அதற்கே ஓர் அறுவை வேண்டும்.

சரி, பதிவுக்கு வருவோம். வலது முன்னங்கால், இடது பின்னங்கால் இரண்டிலும் தோலுக்கு அடியில் மெல்லிய ஊசி எலக்ட்ரோடு, வலது பின்னங்காலில் எர்த். இசிஜி-யில் இரண்டாம் லீட் என்று சொல்லும் இணைப்பு இதுதான். ஊசி தசைக்குள் இறங்கினால் கோட்டில் தசை இரைச்சலும் கலந்துவிடும். கீழறைகளைச் சுருங்கத் தூண்டும் மின்அலையான க்யூஆர்எஸ் முழுவதும் பத்து மில்லிசெகண்டு அளவில் முடிந்துவிடுவதால், நொடிக்கு ஆயிரம் மாதிரிகளாவது வேண்டும், இரண்டாயிரம் என்றால் நல்லது. மின்சார லைனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் உடனே ஃபில்டரைத் தட்டாதீர்கள், அது க்யூஆர்எஸ்ஸின் வடிவத்தையே கெடுக்கலாம். ஹீட்டிங் பேடை ஒரு நொடி அணைத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பாதி நேரம் கள்ளன் அதுதான்.

அப்புறம் க்யூடி. க்யூஆர்எஸ்ஸுக்கும் அடுத்து வரும் டி அலைக்கும் நடுவே மனிதனில் தெரியும் தட்டையான எஸ்டி பகுதி சுண்டெலியில் கிடையாது. க்யூடி முடிவது டி அலையின் முடிவில், ஆனால் அது எங்கே முடிகிறது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவதே அபூர்வம். போதாக்குறைக்கு, க்யூடி-யைத் துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்த மனிதனுக்காக 1920-ல் வந்த பாஸெட் சூத்திரத்தை மென்பொருள் கேட்காமலே போட்டுத் தந்துவிடும். 1998-ல் சுண்டெலிக்கென்று திருத்திய சூத்திரம் வந்தது, மயக்கத்தில் அதுவும் பொருந்துமா என்ற சர்ச்சை இருக்கிறது. நான் திருத்தாத க்யூடி, ஆர்ஆர் (இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம்) இரண்டையும் அட்டவணையில் கேட்டு வாங்குவேன். இன்னொன்று: மனித இதயத்தில் க்யூடி-யை நீட்டும் பல மருந்துகள் அடைக்கும் பொட்டாசியம் வாயிலுக்கு, வளர்ந்த சுண்டெலியின் இதயத்தில் பெரிய வேலை இல்லை. அந்தக் கேள்விக்குக் கினிப் பன்றியோ முயலோதான் சரி.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. திரையில் கோடு ஓடினால் விலங்கு நலம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒருமுறை துடிப்பு சீராக ஓடிக்கொண்டிருக்க, நெஞ்சு அசையாமல் பாதம் நீலம் பாரித்திருந்தது, பக்கத்தில் இருந்தவர் கோப்புக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார். ரத்தம் ஓடுவது நின்ற பிறகும் மின்துடிப்பு சில நிமிடங்கள் ஓடும். அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரப்ப நான்கு கட்டங்கள்: மூச்சு, பாதத்தின் நிறம், விரலைக் கிள்ளினால் இழுக்கிறதா, வெப்பம். நான்கும் நிரம்பாத பதிவுக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை.