கண்டம் கடப்பவரின் கடைசி வாரம்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஒரு கண்டத்தைக் குறுக்காகக் காலாலேயே கடப்பவர்களுக்குக் கடைசி வாரத்தில் முதல் வாரத்தைவிட அதிகச் சக்தி செலவாகுமா? உடம்பு ஓய்ந்துபோயிருக்குமே?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை நேர்மாறானது.

2015-இல் சிலர் அமெரிக்காவைக் கலிபோர்னியா கடற்கரையிலிருந்து தலைநகர் வாஷிங்டன்வரை ஓடிக் கடந்தார்கள். வாரத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர், இருபது வாரம். ஹெர்மன் பான்ட்ஸர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அவர்களில் சிலருடைய சக்திச் செலவைத் தொடக்கத்திலும் கடைசி வாரத்திலும் அளந்தார்கள். ஓடிய தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வர வேண்டிய அளவைவிடக் கடைசி வாரத்தில் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி குறைவாகவே செலவாகியிருந்தது. (உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அதே கலோரிதான்.) 2019-இல் இந்த முடிவு வெளியானது.

சரி, ஓடிக்கொண்டே இருக்கிற ஒருவருடைய ஒரு வாரச் செலவை எப்படி அளப்பது? மூச்சுக்காற்றைப் பிடிக்கும் முகமூடியை நாள் முழுக்க மாட்டிவிட முடியாது. அறைக்குள் அடைத்து வைத்தால் அது பயணமே இல்லை. இங்கேதான் என்னை மயக்கும் அந்த உத்தி வருகிறது. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

தண்ணீர் என்றால் இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன், பள்ளியில் படித்ததுதான். ஹைட்ரஜனில் கனமான வகை ஒன்று உண்டு, அது டியூட்டீரியம். ஆக்சிஜனிலும் உண்டு, அது ஆக்சிஜன்-18. இரண்டிலும் கதிரியக்கம் கிடையாது; நாம் அன்றாடம் குடிக்கும் தண்ணீரிலேயே துளியளவு இருக்கின்றன. இவற்றைச் செறிவாகக் கொண்ட தண்ணீரை அளந்து குடிக்கக் கொடுத்தால், சில மணி நேரத்தில் உடம்பிலுள்ள நீர் முழுவதிலும் கலந்துவிடும். அப்புறம் அவர் தன் பாட்டுக்கு ஓடலாம், சாப்பிடலாம், தூங்கலாம். அவ்வப்போது ஒரு சின்னப் புட்டியில் சிறுநீர் பிடித்துக் கொடுத்தால் போதும்.

கன ஹைட்ரஜன் உடம்பைவிட்டு வெளியேற ஒரே வாசல்தான்: அது தண்ணீராகத்தான் போக வேண்டும். சிறுநீர், வியர்வை, மூச்சிலுள்ள ஈரம் எல்லாமே தண்ணீர்தானே. கன ஆக்சிஜனுக்கோ இரண்டு வாசல். தண்ணீரோடும் போகும், நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடோடும் போகும். அதனால் உடம்பில் ஆக்சிஜன்-18 வேகமாகக் குறைகிறது, டியூட்டீரியம் மெதுவாகக் குறைகிறது. இந்த இரண்டு வேகங்களுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து, வெளியேறிய கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம். புகையை அளந்துவிட்டால் எரிந்த விறகு எவ்வளவு என்று சொல்லிவிடலாம் அல்லவா?

குடித்த தண்ணீரின் ஆக்சிஜன் எப்படிக் கார்பன் டை ஆக்சைடுக்குள் போனது? ரத்தத்தின் சிவப்பணுக்களில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இருக்கிறது. அது கார்பன் டை ஆக்சைடைத் தண்ணீரோடு சேர்க்கிறது, மறுபடி பிரிக்கிறது. சேர்ந்திருக்கும்போது அங்கே மூன்று ஆக்சிஜன்கள். பிரியும்போது எது தண்ணீரோடு போகும், எது கார்பனோடு போகும் என்று முன்பே எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. ஒரே ஒரு நொதி மூலக்கூறு வினாடிக்குப் பல லட்சம் முறை இந்த வேலையைச் செய்கிறது. ஆகவே நுரையீரலை எட்டும்போது கார்பன் டை ஆக்சைடு சுமந்துவருவது உடல்நீரின் ஆக்சிஜனைத்தான். நாம் உள்ளே இழுக்கும் ஆக்சிஜன்தான் கார்பனோடு சேர்ந்து அப்படியே வெளியே வருகிறது என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது செல்லுக்குள் போய்த் தண்ணீராகிறது. இதைப் படித்த அன்று என் மூச்சையே கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டிருந்தேன்.

நாம் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடிலுள்ள ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்பதை 1949-இல் காட்டியவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நேதன் லிஃப்சனும் அவருடைய சகாக்களும். 1950-களில் அதையே அளவுகோலாக மாற்றி எலிகளிடம் சோதித்தார்கள். மனிதருக்குக் கொடுக்கும் அளவு ஆக்சிஜன்-18 வாங்க ஆகும் செலவோ மலைக்க வைத்தது. அணுக்களின் நிறை வேறுபாட்டைக் கண்டறியும் நுட்பமான கருவிகள் வந்து, குறைந்த அளவே போதும் என்றான பிறகு, 1982-இல்தான் அமெரிக்க ஆய்வாளர் டேல் ஷோல்லர் மனிதரில் அளந்த முடிவுகளை வெளியிட்டார். "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்று மட்டுமே கேட்டு ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்த முப்பது ஆண்டு இடைவெளியை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். லிஃப்சனின் கேள்விக்கு அன்றைக்கு எந்தப் பயனும் தெரிந்திருக்காது. காற்றை மட்டும் உண்டு வாழ்வதாகச் சொல்பவர்களையும் இந்தத் தண்ணீரை வைத்தே சோதிக்கலாம். அவர்களை நம்பி உணவைக் கைவிட்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் எனக்கு இது வெறும் வேடிக்கை இல்லை.

கடைசி வாரத்துக்கு வருவோம். ஓடுவதற்கு ஆகும் செலவைப் பெரிதாகக் குறைக்க முடியாது. எடையையும் தூரத்தையும் பொறுத்தது அது. அப்படியானால் உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடிக்கிறது. அழற்சி (உடம்பின் தற்காப்பு எதிர்வினை), ஹார்மோன் போன்ற பின்னணி வேலைகளில் கைவைக்கிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம். செலவுக்கு எல்லை வகுப்பது குடல்தான் என்பது அந்த ஆய்வாளர்களின் கணிப்பு. மாதக்கணக்கில் நீளும் உழைப்பில், படுத்தே கிடந்தால் ஆகும் செலவைப் போல் சுமார் இரண்டரை மடங்குக்கு மேல் உணவிலிருந்து சக்தியை எடுக்க மனிதக் குடலால் முடிவதில்லை. ஓய்வில் 1,600 கலோரி செலவழிக்கும் ஒருவருக்கு அது 4,000. அதற்கு மேல் செலவாகும் ஒவ்வொரு கலோரியும் சொந்தக் கொழுப்பிலிருந்தும் தசையிலிருந்தும்தான் வர வேண்டும். கர்ப்பிணியின் உடம்பு சுமார் 2.2 மடங்குவரை போகிறது. கண்டம் கடப்பவரின் எல்லைக்குப் பக்கத்திலேயே ஒரு தாய் மாதக்கணக்கில் நிற்கிறாள்.

எல்லையைத் தாண்டினால் என்னாகும் என்பதும் இதே தண்ணீரால் தெரிந்தது. 1992-93-இல் பிரிட்டனின் சாகசப் பயணி ரனுல்ஃப் ஃபைன்ஸும் மருத்துவர் மைக் ஸ்ட்ரவுடும் வெளியுதவி இல்லாமல், 200 கிலோவுக்கு மேற்பட்ட சறுக்குவண்டிகளை ஆளுக்கொன்றாக இழுத்தபடி அண்டார்டிகாவைக் கடந்தார்கள். ஸ்ட்ரவுட் இந்த அளவீட்டைத் தங்கள் மீதே செய்துபார்த்தார். பீடபூமிமீது ஏறிய நாட்களில் அன்றாடச் செலவு 10,000 கலோரியைத் தாண்டியது. சாப்பிட்டது ஏறக்குறைய அதில் பாதி. இருவரும் தலா இருபது கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். கண்டத்தின் நிலப்பரப்பைக் கடந்து முடித்துவிட்டார்கள். கடல்மேல் மிதக்கும் ராஸ் பனித்தட்டு மட்டும்தான் மிச்சம். அதில் கொஞ்ச தூரம் நடந்த பிறகு, விமானத்தை வரச் சொல்லி வானொலியில் செய்தி அனுப்பினார்கள்.