பகுதிச்சுமை வினைத்திறன்: சொல்லும் கணக்கும்

ஒரு கட்டடம் ஆண்டு முழுவதும் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கணினியில் முன்கூட்டியே கணிப்பவர்கள் அன்றாடம் புழங்கும் சொல் 'பார்ட் லோட் எஃபிஷியன்சி'. அறை கேட்கும் குளிர்ச்சி, ஏசி தரக்கூடிய குளிர்ச்சியைவிடக் குறைவாக இருக்கும்போது அந்த ஏசி எவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது என்பதே இதன் பொருள். பெயரைக் கேட்டால் எப்போதாவது நேரும் நிலை போலத் தோன்றும். ஆனால் ஏசி ஓடும் நேரத்தில் பெரும்பங்கு இதுதான். சென்னையின் மே மாதப் பிற்பகலைத் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுத்த இயந்திரமே டிசம்பர் இரவிலும் ஓடுகிறது.

'லோட்' என்பது பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்ற பொருளில் பிறந்த சொல். கொண்டுசெல்லப்படும் சுமை என்ற பொருள் பின்னால் ஏறியது. தமிழின் 'சுமை' அப்படிச் சுற்றி வரவில்லை. 'சும' என்ற வினையிலிருந்து நேராக வந்தது. மின்வாரிய வழக்கில் 'மின்பளு' என்ற சொல்லும் உண்டு. எலக்ட்ரீசியன் "லைன்ல லோடு அதிகம்" என்றால் கம்பியில் ஓடும் மின்சாரத்தைச் சொல்கிறார். ஏசிக் கணக்கில் வரும் லோட் அதுவல்ல, வெப்பம்: ஜன்னல் வழியே விழும் வெயில், சுவர் கடத்தும் சூடு, ஆட்கள், விளக்குகள், கதவு திறந்தால் நுழையும் வெளிக்காற்று எல்லாம் சேர்ந்து அறைக்குள் கொண்டுவருவது. அதனால் இங்கே பளுவைவிடச் சுமையே பொருந்தும்: வெப்பச்சுமை. 'பார்ட்' என்பதற்குக் 'குறைசுமை' என்று எழுதலாமா என்றால், குறை என்றதும் பழுது என்ற நிழல் விழுகிறது. 'பகுதிச்சுமை' போதும்.

'எஃபிஷியன்சி'தான் சிக்கல். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்கள் வெப்ப இயந்திரத்துக்குப் 'பயனுறு திறன்' என்கின்றன. அது ஒன்றைத் தாண்டாத எண். ஏசியோ ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று நான்கு யூனிட் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அந்த விகிதத்துக்குப் பாடநூலில் 'செயல்திறன் குணகம்' என்று வேறு பெயர். வெறுமனே 'திறன்' என்றால் வாட்டில் அளக்கும் அளவாகிவிடும். 'பகுதிச்சுமைத் திறன்' என்று எழுதினால் அந்த நேரத்தில் எத்தனை வாட் இழுக்கிறது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். இலங்கைத் தமிழர் எஃபிஷியன்சிக்குப் புழங்கும் 'வினைத்திறன்' இந்தக் குழப்பம் எதுவும் இல்லாதது. என் தேர்வு அதுவே.

இனி, குழப்பம் மிகுந்த இடம். கட்டடத்தின் மின்செலவைக் கணிக்கும் எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருள்களில் பிஎல்ஆர் (பார்ட் லோட் ரேஷியோ), பிஎல்எஃப் (பார்ட் லோட் ஃப்ராக்‌ஷன்) என்று இரண்டு சுருக்கங்கள் அடுத்தடுத்து வரும். இரண்டையும் 'பகுதிச்சுமை விகிதம்' என்று ஒரே பெயரால் எழுதினால் கணக்கே புரியாது.

பிஎல்ஆர் என்பது அறையின் வெப்பச்சுமையை, ஏசி அந்த நேரத்தில் தரக்கூடிய குளிர்ச்சியால் வகுத்து வருவது. பகுதிச்சுமை விகிதம் என்ற பெயர் இதற்கே உரியது. 'அந்த நேரத்தில்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்றரை டன் என்று பெட்டியில் எழுதியிருப்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்தது. வெளிச்சூடு ஏற ஏற அது தரும் குளிர்ச்சி குறையும். ஆகவே வகுக்கும் எண்ணும் மணிக்கு மணி மாறும். டன் என்பதும் சுமையின் அளவல்ல, இயந்திரத்தின் கொள்ளளவு. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுவே ஒரு டன், அதாவது சுமார் 3.5 கிலோவாட். அமெரிக்கப் பனிக்கட்டி கப்பலில் மதராஸ் வரை வந்த காலம் உண்டு. மெரினாக் கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயரில் அதன் தடம் நிற்கிறது.

பிஎல்எஃப் வேறு. முழுச்சுமையில் இருக்கும் வினைத்திறனில் எத்தனை பங்கு பகுதிச்சுமையில் எஞ்சுகிறது என்பதே அது. 'எஞ்சிய வினைத்திறன் விகிதம்' என்று சொன்னால் பொருள் தானே விளங்கும். அனல்மின் நிலையச் செய்திகளில் வரும் பிஎல்எஃப் (பிளான்ட் லோட் ஃபேக்டர்) மூன்றாவது ஒன்று: நிலையம் உற்பத்தி செய்யக்கூடியதில் எவ்வளவு செய்தது என்ற கணக்கு. அதற்கும் இதற்கும் உறவில்லை.

வினைத்திறன் ஏன் குறைகிறது? ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை ஏசி, அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரை கட் செய்கிறது. நின்ற நேரத்தில் காஸ் இடம் மாறி, அழுத்த வேறுபாடு கரைந்து, உள்ளிருக்கும் காயிலும் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) சூடேறிவிடும். மீண்டும் கிளம்பும்போது முதல் சில நிமிடங்களுக்கு மின்சாரம் முழுதாகப் போகும், குளிர்ச்சி முழுதாக வராது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஏசியின் பருவகால வினைத்திறனை அளக்கும் சோதனைமுறை வகுத்தபோது இந்த இழப்பை ஒரு நேர்கோட்டில் அடக்கினார்கள்: ஒன்றிலிருந்து பகுதிச்சுமை விகிதத்தைக் கழித்து, தேய்வுக் குணகத்தால் (நின்று நின்று ஓடுவதால் வரும் இழப்பைக் குறிக்கும் எண்) பெருக்கி, அதை ஒன்றிலிருந்து கழித்தால் எஞ்சிய விகிதம். தேய்வுக் குணகத்தை அளக்க ஏசியை 6 நிமிடம் ஓட்டி 24 நிமிடம் நிறுத்திச் சோதிப்பார்கள். சோதிக்காவிட்டால் 0.25 என்று கொள்வது வழக்கம்.

ஒன்றரை டன் ஏசி, செயல்திறன் குணகம் 3.5, சுமை சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய விகிதம் 0.875. பாதியை இதனால் வகுத்தால் 0.57. அதாவது மணிக்கு 30 நிமிடம் ஓடினால் போதும் என்று நினைத்த கம்ப்ரஸர் 34 நிமிடம் ஓடும், குணகம் 3.06 ஆக இறங்கும். சுமை ஐந்தில் ஒரு பங்கானால் 12 நிமிடம் 15 ஆகும். எனர்ஜிபிளஸ் இந்த ஓட்ட நேரத்தை வைத்துத்தான் மின்செலவைப் போடுகிறது. நாம் தரும் கோடு 0.7க்குக் கீழே இறங்கினால் எச்சரித்துவிட்டு 0.7 என்றே எடுத்துக்கொள்ளும்.

இந்தக் கோட்டை இன்வெர்ட்டர் ஏசிக்கு அப்படியே போடுவது பெரிய பிழை. இன்வெர்ட்டரில் சுமை குறைந்தால் கம்ப்ரஸர் நிற்பதில்லை, வேகத்தைக் குறைக்கிறது. காயில்களின் பரப்பு அதேதான், கடக்க வேண்டிய வெப்பமோ பாதி. ஆகவே வெளிக்காயிலின் வெப்பநிலை இறங்கும், உட்காயிலுடையது ஏறும், அழுத்த இடைவெளி சுருங்கும். வினைத்திறன் குறைவதற்குப் பதில் கூடும். இந்தியாவின் நட்சத்திர முத்திரைக்கு அடிப்படையான ஐஎஸ்இஇஆர் என்ற பருவகால வினைத்திறன் கணக்கு, 24 முதல் 43 டிகிரி வரையிலான வெளிவெப்பத்தை ஆண்டுக்கு 1,600 மணி நேரமாகப் பகிர்ந்து, இந்த ஆதாயத்தையும் சேர்த்துத்தான் எண் தருகிறது. அந்த எண்ணை 35 டிகிரி முழுச்சுமைக் குணகம் என்று எண்ணி மென்பொருளில் இட்டு, மேலே பகுதிச்சுமை வளைவையும் சேர்த்தால் ஒரே ஆதாயம் இருமுறை ஏறும். கட்டடம் தாளில் மட்டும் சிக்கனமாக இருக்கும். இன்வெர்ட்டருக்கு வேண்டியது பல வேகங்களில் அளந்த தரவு. குறைந்தபட்ச வேகத்துக்கும் கீழே சுமை போனால் அதுவும் நின்று நின்றுதான் ஓடும். நேர்கோட்டுக் கணக்கு அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் பொருந்தும்.

கடலோர ஊர்களுக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். கம்ப்ரஸர் நின்ற பிறகும் மின்விசிறி ஓடினால், காயிலில் படிந்த நீர் ஆவியாகி அறைக்கே திரும்பும். வெப்பமானி காட்டும் எண் சரியாக இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். பெரிய ஏசியை வாங்கிச் சிறு அறையில் மாட்டினால் பகுதிச்சுமை விகிதம் இறங்கி இது மேலும் கூடும். எஞ்சிய வினைத்திறன் விகிதம் இந்த ஈரத்தைக் காட்டாது. எனர்ஜிபிளஸில் அதற்கான உள்ளீடுகள் தனியாக உள்ளன, நாமாக நிரப்பினால்தான் வேலை செய்யும்.