சோஹம் தியானம்: மூச்சை அதன் போக்கில் விடுங்கள்

ஆலோசனை முடிந்து, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான் பலருக்கு அந்தக் கேள்வி வரும். "டாக்டர், தியானம் செய்யலாமா?" மனநல மருத்துவரான நான் உடனே ஆம் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதில்லை. மறுபடியும் உட்காரச் சொல்லி, "எந்தத் தியானம்? எப்படிச் செய்கிறீர்கள்? இங்கேயே செய்து காட்டுங்கள்" என்பேன். செய்து காட்டினால்தான் விஷயம் புரியும். ஒருவர் வயிறு குலுங்கக் குலுங்க மூச்சைத் தள்ளுவார். இன்னொருவர் கைப்பேசிச் செயலியின் மணியோசைக்கு ஏற்ப மூச்சை அடக்குவார். மற்றொருவர் 108 முடியும்வரை விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். மூவரும் இதைத் தியானம் என்றே சொல்கிறார்கள். உடலில் இவை நடத்தும் வேலையோ முற்றிலும் வேறு.

பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்விலிருந்து மீண்டுவரும் நிலை ஆகியவற்றில் சிகிச்சைக்குத் துணையாக நான் அதிகம் சொல்லிக்கொடுப்பது சோஹம் தியானம். ஹம்ச மந்திரம், அஜபா ஜபம் (வாயால் ஜபிக்காமல் மூச்சோடு தானாக நடக்கும் ஜபம்) என்றும் அழைப்பார்கள். யோக உபநிடதங்களிலும் ஹடயோக நூல்களிலும் வரும் பழைய முறை இது. மரபு வழியில் ஆழமாகப் போக விரும்புகிறவர்கள் தீட்சை பெற்றுத்தான் போவார்கள். நான் சொல்லிக்கொடுப்பது அதன் வாசல்படி மட்டும்.

நாற்காலியிலோ தரையிலோ உட்காருங்கள். முதுகு சுவரில் சாய்ந்திருந்தாலும் குற்றமில்லை. வாயை மூடி, மூக்கின் வழியே வழக்கம்போல் மூச்சு விடுங்கள். முதல் ஓரிரு நிமிடங்களுக்கு மந்திரமே வேண்டாம். மூச்சு வந்து போவது மூக்கு நுனியிலா, நெஞ்சிலா, வயிற்றிலா, எங்கே நன்றாகத் தெரிகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு மூச்சு உள்ளே வரும்போது மனதுக்குள் 'சோ'. வெளியே போகும்போது 'ஹம்'. உதடும் நாக்கும் அசைய வேண்டாம். மூச்சு குட்டையாக வந்தால் மந்திரமும் குட்டையாகட்டும். இடையில் பெருமூச்சு வந்தால் வரட்டும். மனம் கடன் பாக்கிக்கும் மகள் கல்யாணத்துக்கும் ஓடும், ஓடத்தான் செய்யும். ஓடியது தெரிந்ததும் அடுத்த மூச்சில் சேர்ந்துகொண்டால் போதும். தொடக்கத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் தேவையில்லை.

இதில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்றுதான். பசுவின் பின்னால் கன்று போவதுபோல மூச்சின் பின்னால் மந்திரம் போக வேண்டும். மந்திரத்தை முன்னே ஓட்டி மூச்சை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. தியானத்தால் தொல்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்த வரிசைதான் மாறியிருக்கிறது.

'சோ' உள்ளேயா, 'ஹம்' உள்ளேயா என்ற சண்டை வேறு இருக்கிறது. யோகசூடாமணி உபநிடதம் 'ஹ' என்று வெளியே போய் 'ஸ' என்று உள்ளே வருகிறது என்கிறது. காஷ்மீர சைவ மரபில் நேர்மாறாகவும் சொல்வதுண்டு. இரண்டு காணொளிகளைப் பார்த்துவிட்டு, தப்பாகச் செய்து நரம்பு கெட்டுவிட்டதோ என்று பயந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். நரம்பு எதுவும் கெடாது. உங்கள் ஆசிரியர் சொன்னபடி செய்யுங்கள். ஆசிரியர் இல்லையென்றால் எது இயல்பாக வருகிறதோ அது.

அதே உபநிடதம், உயிர் ஒரு பகல் ஓர் இரவில் 21,600 முறை இந்த மந்திரத்தை ஜபிக்கிறது என்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று நாங்கள் படித்ததோடு இது பொருந்துகிறது. இந்தப் பொருத்தத்தைப் பார்த்துப் புல்லரிக்கிறவர்கள், பழைய காலக்கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை, விநாழிகைக்கு 6 மூச்சு. பெருக்கினால் 21,600. மூச்சையே கால அளவாக வைத்துக் கணக்கிட்ட காலத்தின் எண் அது. சிலர் இதிலிருந்து, ஆயுளுக்கு இத்தனை மூச்சு என்று எழுதியிருப்பதால் மூச்சைக் குறைத்தால் ஆயுள் கூடும் என்ற முடிவுக்கு வந்து, நாள் முழுக்க மூச்சைப் பிடித்துப் பிடித்து விடுகிறார்கள். விளைவு தலைவலியும் எரிச்சலும்தான்.

எண்ண வேண்டாம், பிடிக்க வேண்டாம் என்பதைத் தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்குவது எளிது. திருவாரூர்த் தியாகராஜருக்குரியது அஜபா நடனம். திருமாலின் மார்பில் வீற்றிருந்த பெருமான், அவர் மூச்சு ஏறி இறங்க, அதற்கேற்ப ஆடினார் என்பது தலபுராணம். ஆட்டத்துக்கென்று தனி முயற்சி கிடையாது, மூச்சே ஆட்டுவிக்கிறது. "அந்த மாதிரி உட்காருங்கள்" என்றால் புரிந்துகொண்டுவிடுவார்கள்.

இது உடலில் எப்படி வேலை செய்கிறது? மூச்சு உள்ளே வரும்போது இதயத் துடிப்பு சற்றே விரைவாகும். வெளியே போகும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி கூடித் துடிப்பு தணியும். அமைதியாக உட்கார்ந்து ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது வெளிமூச்சு தானாக நீளும். 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி குழுவினர் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். நலமாக இருந்த 23 பேரை லத்தீன் ஜெபமாலை மன்றாட்டையும் 'ஓம் மணி பத்மே ஓம்' மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் அனிச்சைச் செயலும் கூர்மையடைந்தது. எங்கள் மந்திரத்துக்கு மட்டுமே சக்தி என்று நம்புகிறவர்களுக்கு இந்த முடிவு ருசிக்காது. இதயத்தைப் பொறுத்தவரை மரியாளும் மணிபத்மமும் ஒரே தாளத்தில்தான் போயிருக்கிறார்கள். மந்திரம் பக்தருக்குத் தரும் பொருள் வேறு தளத்தைச் சேர்ந்தது. அதை அளக்க என் ஸ்டெதஸ்கோப் போதாது.

இனி, யாரிடம் நான் தயங்குவேன் என்று சொல்கிறேன்.

திடீர்ப் பீதி வருகிறவர்கள் முதலில். 'ஆழமாக மூச்சு விடுங்கள்' என்று எல்லோரும் இவர்களுக்கு அறிவுரை சொல்லியிருப்பார்கள். அவர்களும் பயத்தோடு பெரிது பெரிதாக, வேகமாக இழுத்து விடுவார்கள். இரத்தத்தில் கரியமில வாயு மளமளவென்று குறையும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றி மதமதக்கும், விரல்களில் ஊசி குத்தும். சிலருக்குக் கை இழுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் மாரடைப்பு என்று ஓடி வருவார்கள். இப்போது குண்டலினி எழுந்துவிட்டது என்றும் வருகிறார்கள். இரண்டும் இல்லை, மிகைமூச்சு. இவர்கள் மூச்சை உற்று நோக்கினாலே அது தடுமாறத் தொடங்கும். ஆகவே கண்ணைத் திறந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, மந்திரத்தை வெளிமூச்சில் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதுவும் முடியாதவர்கள் மனதுக்குள் சொல்வதை விட்டுவிட்டு, தெரிந்த தேவாரமோ நாமாவளியோ மெல்லிய குரலில் பாடலாம். பாடுகிறவர் தன்னையறியாமல் மூச்சை நீளமாக விடுகிறார். பீதிக்கு அதுதான் வேண்டும்.

இன்னும் கவனமாக இருக்க வேண்டியவர்கள் ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழல் நோய் உள்ளவர்கள். வீட்டார் பெருமையாகச் சொல்வார்கள்: "பையன் நாளெல்லாம் ஜபம்தான்." பையனைத் தனியே கேட்டால் கதை வேறு. ஒரு முறை 'ஹம்' சரியாக விழவில்லை என்றால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றும், முதலிலிருந்து தொடங்குவான். இடையில் கெட்ட எண்ணம் வந்தால் மறுபடி 108. குளியலறையில் இரண்டு மணி நேரம், தேர்வுக்குத் தாமதம், அழுகை. இங்கே மந்திரம் கை கழுவுவதைப் போன்ற ஒரு கட்டாயச் செயலாகிவிட்டது. பக்தியைக் குறை சொல்கிறேன் என்று நினைத்து வீட்டார் கோபித்துக்கொள்வதுண்டு. இந்த நோய்க்குச் சிகிச்சையில் நாங்கள் கேட்பது தலைகீழானது: தப்பாகச் சொல், பாதியில் விடு, திரும்பச் சொல்லாதே, வரும் பயத்தோடு உட்கார்ந்திரு. அந்தப் பயிற்சி நடக்கும் காலத்தில் எண்ணிக்கை உள்ள ஜபம் எதுவும் வேண்டாம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிடுவேன்.

மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி தூக்கத்தைப் பற்றியது. இரவு பன்னிரண்டுக்குப் படுத்துவிட்டு, பிரம்ம முகூர்த்தம் என்று நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், சில நாட்களில் தூக்கக் குறைவே மனவெழுச்சியைத் தூண்டிவிடும். பேச்சு கூடும், செலவு கூடும், தனக்கு ஒரு பணி அருளப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் வரும். வீட்டார் அதை ஞானம் என்று நினைத்துக் காத்திருப்பார்கள். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களும், முன்பு குரல்கள் கேட்டவர்களும் பல நாள் மௌன முகாம்களுக்குத் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது. காலையில் விடிந்தபின் பத்து நிமிடம், அதுவும் ஆள் பழக்கம் உள்ள இடத்தில், என்பதற்குமேல் நான் அனுமதிப்பதில்லை. கொடிய நிகழ்வுகளைக் கடந்து வந்தவர்களுக்குக் கண்ணை மூடிய அமைதியே பழையதைக் கிளறலாம். அவர்கள் கண் திறந்தே செய்யட்டும், இல்லாவிட்டால் நடைப்பயிற்சி போதும்.

மூச்சை அடக்குவது பற்றியும் கேட்பார்கள். 16 மாத்திரை இழுத்து, 64 அடக்கி, 32 விடுவது திருமந்திரத்திலேயே உள்ள கணக்கு. அங்கே மாத்திரை என்பது கண்ணிமைக்கும் பொழுது, கை நொடிக்கும் பொழுது. அதைக் கடிகார வினாடியாக்கி, உயர் இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடும் அறுபது வயதுக்காரர் 64 வினாடி மூச்சடைத்து உட்காருவதை எந்தச் சித்தரும் கேட்கவில்லை. ஹடயோகப் பிரதீபிகை, சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல் மூச்சை மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும், தவறினால் பயில்பவனையே கொல்லும் என்கிறது. முறையற்ற பயிற்சியால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி வரும் என்று அடுத்து வரும் செய்யுள்களில் பட்டியலே போடுகிறது. இதய நோய், வலிப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக மூச்சையும் மூச்சடக்கத்தையும் தொட வேண்டாம். வலிப்பு உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுக்கும்போது மறைந்திருக்கும் வலிப்பு அலைகளை வெளிக்கொணர நாங்களே மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வோம்.

கடைசியாக, சாப்பிடும் மருந்து மாத்திரை விஷயம். என்னை உண்மையிலேயே கோபப்படுத்துவது இதுதான். தியான முகாமில் யாரோ, "இரசாயனத்தை விடுங்கள், மூச்சு பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிடுகிறார்கள். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் சில நாட்களில் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, காரணமற்ற அழுகை வரலாம். அதற்கும் முகாமில் விளக்கம் தயாராக இருக்கிறது: உடம்பு சுத்தமாகிறதாம். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறவர் திடீரென்று நிறுத்தினால் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பும் அபாயம் இருக்கிறது.

மூச்சுப் பயிற்சிக்கு மதிப்பே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் நடந்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கடும் மனச்சோர்வோடு சேர்க்கப்பட்ட 45 பேரை மூன்றாகப் பிரித்து மின்னதிர்வுச் சிகிச்சை, இமிப்ரமின் மாத்திரை, சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி ஆகியவற்றை நான்கு வாரங்கள் கொடுத்தார்கள். முறையே 93, 73, 67 சதவீதம் பேர் குணமடைந்தார்கள். மூச்சுப் பயிற்சி மாத்திரைக்கு அருகில் வந்திருக்கிறது; மின்னதிர்வுச் சிகிச்சையை எட்டவில்லை. அது வேறு பயிற்சி, சிறிய ஆய்வு. எல்லோரும் மருத்துவமனைக்குள், மருத்துவர் கண் முன்னே இருந்தவர்கள். வீட்டில் மாத்திரைப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு உட்காருவதற்கு அது சான்றாகாது.

'உட்கார்ந்திருக்கும்வரை நிம்மதி, எழுந்தால் எல்லாம் திரும்பி வந்துவிடுகிறது' என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. பிராணன் அடங்கியிருக்கும்வரைதான் மனமும் அடங்கியிருக்கும், பிறகு வாசனை (மனதில் ஊறிய பழைய பதிவுகள்) வயப்பட்டு அலையும் என்று ரமணரே 'நான் யார்?' நூலில் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்து நிமிட நிம்மதியில் அன்று இரவு தூக்கம் கொஞ்சம் முன்னால் வந்தால், மருத்துவனாக எனக்கு அது நல்ல லாபம்.

பயிற்சி தொடங்கிய பிறகு தூக்கம் இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து குறைந்தாலோ, உடம்பே தன்னுடையதாகத் தெரியாத உணர்வு எழுந்த பின்னும் நீடித்தாலோ, குரல் கேட்டாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ, பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் வாருங்கள். பயிற்சி சொல்லிக்கொடுத்தவரிடமும் தகவல் சொல்லுங்கள். 'இன்னும் தீவிரமாக உட்கார், சரியாகிவிடும்' என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள். நடுராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.