பிரைவசிக்கு ரகசியமும் சரியில்ல, தனியுரிமையும் சரியில்ல

"வங்கி ரகசியத்தை ஒழிக்கும் இந்த ஒப்பந்தம் வாடிக்கையாளரின் ரகசியத்தையும் பாதுகாக்கிறது." நாடுகள் பேங்க் தகவல பரிமாறிக்கிற ஒப்பந்தங்களத் தமிழ்ல எழுதும்போது வர்ற இந்த மாதிரி வரிய இன்னும் எத்தனை தடவதான் படிக்கிறது? ஒழிக்கிறதும் ரகசியம், காப்பாத்துறதும் ரகசியம்னா படிக்கிறவங்களுக்கு என்னதான் புரியும்? இங்கிலீஷ் மூலத்துல ரெண்டு சொல் இருக்கு, பேங்க் சீக்ரெசின்னு ஒண்ணு, பிரைவசின்னு ஒண்ணு. ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டினா ஒப்பந்தத்தோட உயிரே போயிடுது.

பிரைவசி லத்தீன் 'பிரிவாட்டுஸ்'லருந்து வந்தது, பொதுக் காரியத்துலருந்து ஒதுங்கி தனக்குன்னு இருக்கிறதுன்னு பொருள். அவ்ளோதான், ஒளிச்சு வைக்கிற பேச்சே அதுல இல்ல.

ரகசியம்னா யாருக்கும் தெரியக்கூடாது. பிரைவசின்னா யாருக்குத் தெரியலாம், எதுக்காக, எத்தனை நாளைக்குன்னு ஒரு வரம்பு இருக்கணும். 2014ல ஓஇசிடிங்கிற பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளோட அமைப்பு கொண்டுவந்த சிஆர்எஸ் ஏற்பாட்டப் பாருங்க, சேர்ந்த நாடுகள் பேங்க் கணக்குத் தகவல தங்களுக்குள்ள பரிமாறிக்கிற பொது முறை அது, வெளிநாட்டு பேங்க்ல கணக்கு வச்சிருக்கிறவரோட பேரு, முகவரி, வரி எண், இருப்புத் தொகை, வட்டி எல்லாம் அவர் வரி கட்டவேண்டிய நாட்டுக்குப் போகுது, 2017லருந்து வருஷா வருஷம் போயிட்டிருக்கு. அதோட அங்க ரகசியம் முடிஞ்சுது. ஆனா வாங்கின நாடு அத பொதுவா வரி வேலைக்குத்தான் எடுக்கணும், கண்டவங்க கைல குடுக்கக்கூடாதுன்னு கட்டுப்பாடு இருக்கே, அங்கதான் பிரைவசி நிக்குது. பேங்குகளுக்கு நடுவுல பணம் அனுப்புற செய்திகளக் கொண்டுபோற ஸ்விஃப்ட் அமைப்போட விவகாரமும் இதேதான். அந்தப் பணப்பரிமாற்றத் தகவல அமெரிக்கா எடுக்கிறது 2006ல வெளிய வந்துச்சு, 2010 பிப்ரவரில அந்தத் தகவல அமெரிக்காவுக்குக் குடுக்கிற தற்காலிக ஒப்பந்தத்த ஐரோப்பிய நாடாளுமன்றம் 378க்கு 196னு தோற்கடிச்சுது, அப்புறம் அமெரிக்காவோட ஒவ்வொரு கோரிக்கையையும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் முதல்ல சரிபார்க்கணும், தேடி வெளிய எடுக்காத தகவல அஞ்சு வருஷத்துக்கு மேல வச்சிருக்கக்கூடாதுங்கிற வரம்புகளோட திருத்தி வந்தத அதே வருஷம் ஜூலைல ஏத்துக்கிட்டாங்க. இதுக்குப் போய் ரகசியம்னு எழுதினா எப்படி?

சரி, தனியுரிமைன்னு போட்டுக்கலாமேம்பாங்க. எல்லா ஆப்லயும் இப்ப இதான் ஓடுது, எனக்கு இதுலதான் பெரிய வருத்தம். தனியுரிமைன்னா ஒருத்தருக்கு மட்டுமே உள்ள உரிமை, ஒரு கம்பெனி மட்டும்தான் விக்கலாம்னா அது தனியுரிமை. "தரவில் தனியுரிமை"ன்னு எழுதினா அந்தத் தரவு பேங்குக்கு மட்டுமே சொந்தம்னு கூட அர்த்தம் எடுக்கலாம், சொல்ல வந்ததுக்கு நேர் எதிர். ரைட் டு பிரைவசிய என்ன பண்ணுவீங்க? "தனியுரிமைக்கான உரிமை"ன்னு உரிமைக்கே உரிமை கேக்குறாங்க, இல்லன்னா ஒரு உரிமைய முழுங்கிட்டு வெறும் தனியுரிமைன்னு விட்டுடறாங்க, அப்போ பிரைவசிக்கும் ரைட் டு பிரைவசிக்கும் வித்தியாசமே இல்லாம போயிடுது. பிரைவசிங்கிறது ஒரு நிலை, அத காக்கிறதுதான் உரிமை. "இந்த ரூம்ல பிரைவசியே இல்ல"ம்போம், "இந்த ரூம்ல தனியுரிமையே இல்ல"ன்னு யாராவது வாயத் திறந்து சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பேச்சுல நிக்காத சொல்ல சட்டத்துல நிறுத்தினா கையெழுத்து போடுறவங்களுக்கு எத விட்டுக்குடுக்கிறோம்னே தெரியாது.

என் ஓட்டு அந்தரங்கத்துக்குத்தான். அந்தரங்க உரிமை, அந்தரங்க மீறல், அந்தரங்கக் கொள்கை, எல்லாம் தடங்கல் இல்லாம வருது. வடசொல்லாச்சேன்னு கேக்கிறவங்க ரகசியத்தையும் தூக்கிப் போடணும், அதுவும் அங்கிருந்து வந்ததுதான். அந்தரங்கம்னாலே படுக்கையறை ஞாபகம் வருதுன்னு இன்னொரு புகார். பழைய ஆட்கள் அந்தரங்கக் காரியதரிசின்னு சொன்னப்போ யாரும் அப்படி நினைக்கல, அந்தச் சொல்ல ஒரு மூலைல தள்ளினது நாமதான், பேங்க் கணக்குக்கும் போட்டு எழுத ஆரம்பிச்சா தானா வெளிய வரும். கான்ஃபிடென்ஷியாலிட்டி, அதாவது கைல வாங்கினவர் வெளிய விடாம வச்சுக்கிறதுக்கு, மந்தணம்னு நல்ல சொல் இருக்கு, அதையும் ரகசியத்துக்குள்ள அடைக்காதீங்க. முதல்ல சொன்ன வரி அப்போ "வங்கி ரகசியத்தை ஒழிக்கும் இந்த ஒப்பந்தம் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காக்கிறது"ன்னு ஆயிடும், யாரும் ரெண்டாவது தடவ படிக்க வேண்டாம்.

இதே ஒப்பந்தங்கள்ல வர்ற ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச "தானியங்கிப் பரிமாற்றம்"னு போடுறதையும் நிறுத்துங்க. மெஷின் அனுப்புதுங்கிறது இல்ல விஷயம், வாங்குற நாடு ஒவ்வொரு ஆளுக்கும் தனியா கேக்காமலே கணக்கு இருக்கிற நாடு வருஷா வருஷம் அனுப்பியாகணும்ங்கிறதுதான், "கேளாமலே பரிமாறல்"னு எழுதினா போதும்.