ஐப்பசி பிறந்தும் ஏன் இந்த வெயில்?

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்காத இடைவெளியில் தமிழ்நாட்டில் மறுபடி ஒரு சித்திரை வந்ததுபோல வெயில் காயும். சென்னையிலும் மதுரையிலும் 36, 37 டிகிரி வரை போவதுண்டு. "இப்படிக் காய்ந்தால் கட்டாயம் பெய்யும்" என்று ஊரில் சொல்வார்கள். வெயிலுக்கும் பருவமழைக்கும் அப்படி நேர்க்கணக்கு கிடையாது. இரண்டையும் தீர்மானிப்பது, தலைக்கு மேலே ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதுதான்.

அந்த உயரத்தில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, அடிக்கிறது என்று வையுங்கள். அரபிக்கடலிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கச் சரிவிலேயே கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் வறண்ட காற்று அழுத்தப்பட்டு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடாகும். கடலோரத்தில் இன்னொரு பாதிப்பும் உண்டு. மேல்காற்று பலவீனமாக இருந்தால் சென்னையில் பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கே கடற்காற்று நுழைந்து வெப்பநிலை ஏறுவதை நிறுத்திவிடும். மேல்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று கரையைத் தாண்ட முடியாமல் மூன்று மணி வரை நிற்கும். அந்த மூன்று மணி நேரம்தான் 34ஐ 37 ஆக்குகிறது.

மண் காய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மி.மீ. நீர் ஆவியாக சுமார் 24.5 லட்சம் ஜூல் வெப்பம் செலவாகும். மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். ஈரமில்லாவிட்டால் அத்தனையும் காற்றைச் சூடாக்கும். ஆகவே ஒரு வாரம் மழை இல்லையென்றால், அடுத்த வாரம் அதே வெயிலுக்கு வெப்பநிலை ஓரிரு டிகிரி கூடிப் பதிவாவதில் வியப்பில்லை.

இந்த நாட்களில் மாலையில் இடி இடித்துக் கொட்டுகிற மழை உண்டு. புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்று சொன்னது இதைத்தான். பகல் சூட்டில் எழும் மேகம் ஒரு பேட்டையில் 5 செ.மீ. கொட்டிவிட்டு அடுத்த பேட்டையைத் தொடாமல் போகும். அது பருவமழை இல்லை.

பருவமழை தொடங்கிவிட்டது என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவிக்க நான்கு விஷயங்கள் கூடிவர வேண்டும். தென்மேற்குப் பருவமழை கடலோர ஆந்திரம் வரை விலகியிருக்க வேண்டும். தமிழகக் கடலோரத்தில் தரையளவில் கிழக்குக் காற்று நிலைத்திருக்க வேண்டும். அது சுமார் 1.5 கி.மீ. உயரம் வரை தடித்திருக்க வேண்டும். கடலோரத் தமிழகத்திலும் தென்கடலோர ஆந்திரத்திலும் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். இயல்பான நாள் அக்டோபர் 20. ஒரு வாரம் முன்பின் ஆவது சகஜம். சில ஆண்டுகளில் அதைவிடவும் தள்ளிப்போனது: 2018இல் நவம்பர் 1, 2020இல் அக்டோபர் 28, 2022இல் அக்டோபர் 29.

மூன்றாவது நிபந்தனையில்தான் பலர் ஏமாறுவார்கள். பிற்பகலில் கிழக்கிலிருந்து சிலுசிலுவென்று காற்று வந்ததும் கொண்டல் (பருவமழையைக் கொண்டுவரும் கிழக்குக் காற்று) வந்துவிட்டது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது சில நூறு மீட்டர் தடிமனே உள்ள கடற்காற்று, இரவில் அடங்கிவிடும். மொட்டைமாடிக் கொடியில் துணி பறக்கும் திசையைப் பார்க்காமல், காலை எட்டு மணிக்குத் தாழ்ந்த மேகங்கள் நகரும் திசையைப் பாருங்கள். அவை கடல் பக்கமிருந்து உள்நாட்டுக்கு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நகர்ந்தால் காற்று திரும்பிவிட்டது. மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் காலை 5.30 மணிக் கணக்குக்காகப் பறக்கவிடும் பலூன் அளப்பதும் இதையே, உயரம் உயரமாக.

சில ஆண்டுகளில் காற்று திரும்பும் நேரத்தில் வங்கக்கடலில் புயல் உருவாகி வடக்கே போய்விடும். புயலைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாகச் சுழல்வதால், அதன் தெற்கே இருக்கும் நமக்கு மறுபடி மேல்காற்றுதான் வரும். ஈரமும் அந்தப் பக்கமே இழுபடும். 2018இல் ஒடிசா-ஆந்திர எல்லைக்குப் போன தித்லி, 2022இல் வங்கதேசத்துக்குப் போன சித்ரங் இரண்டுக்கும் பின்னர் நமக்குத் தாமதமே மிஞ்சியது.

அடுத்து, பருவகால முன்னோட்டம். "இயல்பைவிட அதிகம் பெய்ய 45 சதவீத வாய்ப்பு" என்று வந்தால், 45 சதவீதம் கூடுதல் மழை என்று படித்துவிடக் கூடாது. கடந்தகால ஆண்டுகளைக் குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று சம பங்காக்கினால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். அந்த 33 இப்போது 45 ஆகியிருக்கிறது, அவ்வளவே. மீதி 55 இன்னும் மறுபக்கத்தில்தான் நிற்கிறது. அதுவும் பரந்த பகுதியின் சராசரிக்கு. உங்கள் ஏரிக்கு அல்ல.

பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாக இருப்பது எல் நினோ, குளிர்ந்திருப்பது லா நினா. எல் நினோ ஆண்டில் நமக்கு மழை கூடும், லா நினாவில் குறையும் என்பது பொதுப்போக்கு. எல் நினோ இருந்த 2015இல் சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டு வலுக்குறைந்த லா நினாவில் தமிழ்நாட்டின் சராசரியாக 44 செ.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 17 செ.மீ.தான் பெய்தது. ஆனால் 2021 லா நினா ஆண்டாக இருந்தும் 71 செ.மீ. கொட்டியது. அக்டோபர் காய்ந்ததை வைத்து முழுப் பருவத்தையும் எடைபோடுவதும் தவறு. 2023 அக்டோபர் வறட்சியாகப் போனது. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 செ.மீ. பெய்தது. இந்தப் பருவத்தின் மழை நாலைந்து சுற்றாகத்தான் வரும். இரண்டு சுற்று தவறினால் பஞ்சம், ஒன்று நின்று பெய்தால் வெள்ளம்.

வேலைக்கு உதவுவது வானிலை ஆய்வுத் துறையின் நான்கு வார முன்னறிவிப்பு. வியாழக்கிழமைதோறும் வரும். அதில் முதல் இரண்டு வாரத்தை நம்பித் திட்டமிடலாம். மூன்றாவது, நான்காவது வாரத்தில் போக்கை மட்டும் பாருங்கள். பூமத்திய ரேகையை ஒட்டி 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை கிழக்கே நகரும் மழைமேக அலை இந்தியப் பெருங்கடலில் இருக்கிறதா, பசிபிக்குக்குப் போய்விட்டதா என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பசிபிக்கில் இருந்தால் வெயில் நீள வாய்ப்பு அதிகம்.

இதில் அதிகம் இழப்பவர்கள் ராமநாதபுரம் பக்கம் புழுதியில் நெல் விதைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். மழையே வராவிட்டால் விதை மண்ணில் சும்மா கிடக்கும். மாலை இடிமழையில் 20 மி.மீ. பெய்து, பிறகு பத்து நாள் காய்ந்தால்தான் ஆபத்து: முளை வெளியே வந்து கருகிவிடும். இரண்டாவது வாரமும் வறட்சி என்று முன்னறிவிப்பு சொன்னால் விதைப்பைத் தள்ளிப்போடுவது நல்லது. தள்ள முடியாதவர்கள் விதையைக் கடினப்படுத்தலாம். 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, 10 கிலோ விதைக்கு அந்த 10 லிட்டர் என்ற அளவில் 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினாலோ கூடுதல் நேரம் ஊறவிட்டாலோ முளைப்புத்திறன் குறையும்.