சூரியன் வருமுன்னே வந்துவிடும் சூரியன்

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் நிற்கிறீர்கள். சூரியன் முழு வட்டமாக வெளியே வந்துவிட்டது. அடி விளிம்பு மட்டும் தண்ணீரைத் தொட்டபடி இருக்கிறது. எல்லோரும் ஃபோனைத் தூக்கும் நொடி அது. ஆனால் அந்த நொடியில் உண்மையான சூரியன் மொத்தமாகக் கடல்கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. இன்னும் உதிக்கவே இல்லை.

காற்று செய்கிற வேலை இது. மேலே காற்று மெலிந்திருக்கும், கீழே வர வர அடர்த்தி கூடும். சாய்வாக நுழையும் ஒளி இந்த அடர்த்தி மாற்றத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்நோக்கி வளைந்து நம்மிடம் வருகிறது. வளைந்து வந்த கதை கண்ணுக்குத் தெரியாது. கடைசியாக ஒளி எந்தத் திசையிலிருந்து வந்து விழுந்ததோ, அந்தத் திசையில்தான் சூரியன் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. அடிவானத்தில் இந்த வளைவு சுமார் 34 கலை. சூரியனின் அகலமே 32 கலைதான். அதாவது ஒரு முழுச் சூரியனையும் அதற்கு மேல் கொஞ்சமும் காற்று தூக்கிக் காட்டிவிடுகிறது. அடி விளிம்பை மேல் விளிம்பைவிட ஐந்தாறு கலை அதிகமாகத் தூக்குவதால் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகும். ஜூம் செய்து எடுத்த படத்தில் அப்படித் தெரிந்தால் லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம்.

நமக்குக் கிடைக்கும் நேரமும் குறைவு. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வடக்கில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். முதல் கீற்று தெரிவதிலிருந்து முழு வட்டம் வர இரண்டேகால் நிமிடம் போல ஆகும். உதயத்துக்கு முன் விளக்கில்லாமலே நடக்க முடிகிற அந்த வெளிச்சம் இங்கே இருபத்திரண்டு நிமிடம் போல இருக்கும். லண்டனில் ஜூன் மாதம் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீளும். வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் சொல்லும் 'கோல்டன் ஹவர்', அதாவது தாழ்ந்த சூரியனின் பொன்னிற வெளிச்ச நேரம், நம் ஊரில் அரை மணி நேரம் போலத்தான் இருக்கும் என்பதை யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

அடுத்தது நிறம். கடல்கோட்டிலிருந்து வரும் ஒளி, உச்சி வெயிலைப் போல நாற்பது மடங்குக்குக் கொஞ்சம் குறைவான காற்றைக் கடந்து வருகிறது. காற்று மூலக்கூறுகள் சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறடிக்கும். அவ்வளவு நீண்ட வழியில் நீலம் போய், பச்சையிலும் பெரும்பகுதி போய், மிஞ்சுவது ஆரஞ்சும் சிவப்பும். தூசு இருந்தால்தான் நிறம் அழகாக வரும் என்பார்கள். பொதுவாக அது தலைகீழ். தூசு எல்லா நிறத்தையும் சேர்த்துச் சிதறடித்து வானத்தை மங்கலாக்கும். மழை காற்றைக் கழுவிவிட்ட மறுநாள் காலை வானத்தைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். புழுதி நிறைந்த கோடைக்கு ஒரு சலுகை உண்டு: வட்டம் மங்கிச் சிவந்திருப்பதால் கேமராவுக்கு அடங்கும்.

இவ்வளவு நிறம் வந்து விழுந்தும் படத்தில் சூரியன் வெள்ளைப் புள்ளியாகவே இருக்கிறதே, ஏன்? இதில் இரண்டு குற்றவாளிகள்.

முதல் ஆள் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். மஞ்சள் பல்பின் கீழும் வெள்ளை வேட்டி நமக்கு வெள்ளையாகவே தெரியும், மூளை கழித்துக்கொள்கிறது. ஃபோனும் அதையே செய்யப் பார்க்கிறது. காட்சியில் சிவப்பு மிகையாக இருந்தால் 'இது விளக்கின் கோளாறு' என்று கணித்து நீலத்தைக் கூட்டிச் சமன் செய்கிறது. நாம் எதற்காக நாலரை மணிக்கு எழுந்தோமோ, அதைத்தான் அது பிழை என்று திருத்துகிறது. புரோ மோடில் போய் ஒயிட் பேலன்ஸைச் சூரியன் அடையாளத்திலோ 5500 கெல்வினிலோ நிறுத்திவிட்டால் போதும். கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய ஒளி சிவப்பு. விடியல் ஒளி 2500 கெல்வின்தானே என்று அந்த எண்ணை வைக்கிறவர்கள் உண்டு. அப்படி வைத்தால் படம் நீலமாகிவிடும். 'ஒளி இவ்வளவு சிவந்திருக்கிறது, சரி செய்' என்றுதான் அந்த எண்ணுக்குக் கேமரா அர்த்தம் கொள்ளும்.

இரண்டாவது ஆள் எக்ஸ்போஷர், அதாவது கேமரா எவ்வளவு ஒளியை உள்ளே வாங்குகிறது என்பது. என் பார்வையில் பெரிய குற்றவாளி இதுதான். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒன்றைத்தான் அளக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச வரம்பு உண்டு. கடலும் மணலும் இருட்டாக இருப்பதால் ஃபோன் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். அப்போது சூரிய வட்டத்தில் சிவப்பு முதலில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். பச்சை மேலே ஏறி அதை எட்டிப் பிடித்தால் வட்டம் மஞ்சளாகும். நீலமும் எட்டினால் வெள்ளை. அங்கே நிறத் தகவலே மிஞ்சாது, பிறகு எந்த ஆப்பில் திருத்தினாலும் வராது. ஆகவே சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுக்க வேண்டும். படகும் வலை இழுப்பவர்களும் நிழலுருவாக வேண்டுமென்றால் ஹெச்டிஆரை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒட்டுவதால் நிழலுருவை வெளுக்கவைக்கும். சில நேரம் அலை நுரையும் இரட்டையாக விழும்.

அப்புறம், கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சூரியன் படத்தில் பொட்டாக இருப்பது. அந்தப் பெரிது மனம் காட்டும் மாயை. சென்சாரில் விழும் சூரியனின் அளவு, லென்ஸின் குவியத்தூரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. ஃபோனின் முக்கிய லென்ஸுக்குக் குவியத்தூரம் 6 மில்லிமீட்டர் போல, கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். கரையில் ஏற்றிவைத்த ஃபைபர் படகைவிட்டு நன்றாகப் பின்னால் நடந்துபோய் டெலி லென்ஸில் எடுத்தால், படகுக்கு ஈடாகச் சூரியன் நிற்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, கடல்கோட்டில் சின்னப் படகுகள்தான். ஒன்று மட்டும்: டிஎஸ்எல்ஆர் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை வழியாகச் சூரியனைப் பார்க்க வேண்டாம். டெலி லென்ஸ் கண்ணைச் சுட்டுவிடும்.

பருவம் மாறுவதையும் இதே கடல்கோட்டில் படிக்கலாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு அருகே ஓர் இடத்தைக் குறித்துவைத்து, மாதம் ஒரு படம் எடுங்கள். ஜூன் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே எழும், டிசம்பரில் 24 பாகை தெற்கே. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் பத்துப் பாகை. இரு முனைகளுக்கும் இடையே ஐந்து முஷ்டி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரே நாளில் தன் அகலத்தில் முக்கால் பங்கு நகரும். டிசம்பர் கடைசியிலோ பல நாள் நின்ற இடத்திலேயே நிற்பது போலிருக்கும்.

நேரக் கணக்கில் ஒரு வேடிக்கை. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 வாக்கில் வருகிறது, அன்று புதுச்சேரியில் உதயம் காலை 6:26 அளவில். ஆனால் உதயம் மிகவும் தாமதமாவது மார்கழியில் இல்லை. பொங்கல் முடிந்து, ஜனவரி கடைசியில், 6:36 அளவில். பூமியின் அச்சுச் சாய்வும் நீள்வட்டப் பாதையும் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுதுக்கு 24 மணி நேரத்தைவிட அரை நிமிடம் அதிகம் ஆக்குகின்றன. நம் ஊரில் பகலின் நீளம் மெதுவாகத்தான் மாறும் என்பதால் இந்தத் தள்ளல் மேலோங்கிவிடுகிறது. மிக முந்திய உதயமும் அப்படித்தான்: நீண்ட பகல் வரும் ஜூன் 21-இல் இல்லை, மே கடைசி, ஜூன் தொடக்கத்தில், 5:45 அளவில்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் கடல்கோட்டை மூடியிருக்கும், சூரியன் வெளிவருவதே அபூர்வம். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். எட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்துக்குச் சூரியன் நமக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் முன்பே உதித்துவிடுகிறது. வானம் சிவப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கீழ்மேகத்தில் ஓர் இடைவெளி இருந்தால் போதும். உதயம் 6:15 என்று ஃபோன் சொன்னால் 5:50-க்கே கேமராவைத் தயாராக வைத்திருங்கள். 6:15-க்கு வருகிறவர்களுக்குச் சாம்பல் வானம்தான் கிடைக்கும்.