பொருத்தத்தை அல்காரிதம் கணிக்குமா?

“நாலு கேள்விக்குப் பதில் வாங்கிக்கொண்டு, ‘உங்களுக்கு 90 சதவீதம் பொருத்தம்’ என்கிறதே துணை தேடும் செயலி, நம்பலாமா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். 2017-இல் உளவியலாளர் சமந்தா ஜோயல் குழுவினர், முன்பின் தெரியாதவர்கள் சில நிமிடம் பேசிப் பிரியும் சந்திப்புகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஆளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தகவல்கள். அலசியது இயந்திரக் கற்றல், அதாவது தரவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் கணினி முறை. பொதுவாக யார் பிறரைக் கவர்வார், யார் எளிதில் கவரப்படுவார் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. குறிப்பிட்ட இந்த இருவருக்கு ஒத்துவருமா என்று கேட்டால் கையை விரித்துவிட்டது. இவ்வளவு தகவல் இருந்தும் இந்தக் கதி என்றால், செயலியின் நாலு கேள்வி எம்மாத்திரம்!

சரி, உறவு எதனால் நிலைக்கிறது? உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் மூன்றைச் சொன்னார். கிடைக்கும் நிறைவு, இதுவரை போட்ட முதலீடு (நேரம், உழைப்பு போன்றவை), வெளியே உள்ள மாற்று வாய்ப்புகள். முதல் இரண்டும் கூடினால் பிடிப்பு கூடும், மூன்றாவது கூடினால் குறையும். முதல் இரண்டும் தெரிந்த சங்கதிதான். வேடிக்கை மூன்றாவதில் இருக்கிறது.

மாற்று வாய்ப்பு என்பது வெளி நிலவரம் என்றுதானே நினைப்போம்? பிடிப்பு ஏற ஏற, மனம் அந்த நிலவரத்தையே மாற்றி எழுதுகிறது. 1990-இல் ஜெஃப்ரி சிம்ப்சன் குழுவினர் படங்களைக் காட்டி, அழகுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். எதிர்பாலின இளைஞர்களின் படங்களுக்கு, தனியாக இருந்தவர்களைவிட உறவில் இருந்தவர்கள் குறைத்தே போட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் கஞ்சத்தனமாகப் போடுகிறவர்களோ? அதுவும் இல்லை. தம் பாலினத்தவர், வயதில் மூத்தவர் படங்களில் இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. போட்டியாக வரக்கூடிய முகம் மட்டும் மங்கியிருக்கிறது!

ஆனால், பிறரைப் பெரிதாக ரசிக்காதவர்கள்தான் உறவில் இருக்கிறார்களோ என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. காதலர்களைப் பல மாதங்கள் தொடர்ந்து 1983-இல் ரஸ்பல்ட் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. சேர்ந்தே இருந்தவர்களுக்கு மாற்று வாய்ப்புகள் போகப்போக மோசமாகத் தெரிந்தன. விட்டு விலகியவர்களுக்கு மேலும் மேலும் நன்றாகத் தெரிந்தன. இப்படித் தொடர்வது செலவு பிடிக்கும் வேலை. ஒரே நாளில் முடியும் கேள்வித்தாள் ஆய்வுகளுக்குக் கொட்டும் பணத்தை இந்தப் பக்கம் திருப்பலாம் என்பேன்.

பிடிப்பு வந்த பிறகு உண்டாகும் இந்த மாற்றம், சந்திக்கும் முன்பே வாங்கிய பதில்களில் எப்படி இருக்கும்? 2020-இல் ஜோயலும் பல ஆய்வாளர்களும் 11,196 ஜோடிகளின் தரவுகளைச் சேர்த்து அலசினார்கள். உறவின் தரத்தை மிக நன்றாகக் காட்டியவற்றில் முன்னே நின்றது, ‘என் துணை இந்த உறவில் உறுதியாக இருக்கிறார்’ என்ற எண்ணம். தனிநபர் குணங்கள் அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. அந்த உறவு இனி மேலே போகுமா, கீழே போகுமா என்பதை மட்டும், இத்தனை தரவுகளாலும் பெரும்பாலும் கணிக்க முடியவில்லை.